புறப்பட மறுத்த எஞ்சின்

பழைய மோட்டார் வண்டிகளின் அணிவகுப்பு நடைபெறும் நாளில் விடியற்காலையிலேயே மைதானத்திற்குப் போய்ப் பார்க்க வேண்டும். துலக்கிய பித்தளை விளக்குகளும், மரத்தாலான ஆரக்கால்களும், துணிக் கூரையுமாக வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றாவது அன்று கிளம்ப மறுக்கும். உடனே அதைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். "பெட்ரோல் இருக்கிறதா, பாருங்கள்" என்பார் ஒருவர். "பாட்டரி போயிருக்கும்" என்பார் மற்றொருவர். "எல்லோரும் சேர்ந்து தள்ளிப் பார்க்கலாமே" என்பார் மூன்றாமவர். வண்டிக்கு உரியவரோ ஒன்றும் பேசமாட்டார். வண்டியின் முன்னே குனிந்து இரும்புக் கைப்பிடியை மெல்லச் சுற்றுவார். கையில் தோன்றும் அழுத்தத்தைக் கவனிப்பார். பின்னர் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார். பார்ப்பவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மிகச் சிலவே. பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் புக வேண்டும். பிஸ்டன் மேலேறி அக்கலவையை நன்றாக அழுத்த வேண்டும். அழுத்தம் முற்றிய வேளையில், முன்னுமன்றிப் பின்னுமன்றி, ஒரு மின்பொறி தோன்ற வேண்டும். ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் 1876-ஆம் ஆண்டு நான்கு வீச்சு எஞ்சினை அமைத்த நாள் முதல் இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே எஞ்சின் கிளம்பவில்லையென்றால் அதன் காரணமும் இவற்றுள் ஒன்றிலேதான் இருக்க வேண்டும். சொல்வதற்கு இது எளிது. ஆனால் இருளில், மழையில், ஊரில்லாத சாலையில், எது குறை என்று கண்டறிவது எளிதன்று. மோட்டார் வண்டியின் முதல் முப்பது ஆண்டுகளில் அதை வைத்திருந்தோர் ஒவ்வொருவரும் இதைக் கற்றே தீர வேண்டியிருந்தது.

அவ்வாறு கற்றவர்களுள் முதல் இடம் ஒரு பெண்மணிக்கு உரியது. மான்ஹைம் நகரத்துக் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, ஆனால் வாங்குவார் இல்லை. ஊருக்குள் சிறிது தூரம் ஓடிக் காட்டும் பொறியை நம்பி எவர் பணம் கொடுப்பார்? 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, ஆய்கன், ரிச்சர்டு என்னும் இரு மைந்தர்களையும் ஏற்றிக்கொண்டு அவ்வண்டியில் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் தாய்வீட்டு ஊர் அவர் சேருமிடம்.

அன்றைய எஞ்சினைக் கிளப்புவதற்குப் பின்புறத்திலிருந்த பெரிய சக்கரத்தைக் கையால் பற்றிச் சுழற்ற வேண்டும். வழியில் பெட்ரோல் விற்கும் கடை என்று எதுவும் கிடையாது. விஸ்லோக் என்னும் சிற்றூரில் மருந்துக் கடைக்குள் சென்று, துணிக்கறை போக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார்கள். எண்ணெய்க் குழாய் ஒருமுறை அடைத்துக்கொண்டது. பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை உருவி அடைப்பை நீக்கினாராம். மற்றொரு முறை மின்கம்பி எங்கோ பட்டுப் பொறி வராமற் போயிற்று. காலுறையைத் தாங்கும் நாடாவை அவிழ்த்துக் கம்பியின்மேல் சுற்றினாராம். ஏற்றங்களில் எஞ்சின் இழுக்கவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரத்தடை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதற்குத் தோல் போர்த்தச் செய்தார்கள். இரவாகும்போது ஊர் போய்ச் சேர்ந்து, சேர்ந்த செய்தியைக் கணவருக்குத் தந்தி மூலம் தெரிவித்தார்.

தொப்பி ஊசியும் காலுறை நாடாவும் அக்குடும்பத்தார் சொல்லி வந்த நினைவுகளிலிருந்து நமக்குக் கிடைத்த செய்திகள். சொல்லச் சொல்ல அவை சற்று மெருகு பெற்றிருக்கலாம். ஆனால் அவற்றில் நாம் காண வேண்டியது சாமர்த்தியத்தை மட்டுமன்று. எஞ்சின் நின்றபோது, எண்ணெய் வரவில்லையா, பொறி வரவில்லையா என்று பிரித்துப் பார்க்கும் அறிவு பெர்த்தாவுக்கு இருந்தது. முதற் குறைக்கு ஊசி, இரண்டாம் குறைக்கு நாடா. இரண்டையும் மாற்றிச் செய்திருந்தால் அன்று அவ்வண்டி வழியிலேயே நின்றிருக்கும். பென்ஸும் பயணத்திலிருந்து பாடம் கற்று, ஏற்றத்திற்கு உதவும் மற்றொரு கியரைத் தம் வண்டியில் சேர்த்தார்.

மூன்று தேவைகளுள் மிகுந்த தொல்லை தந்தது மின்பொறியே. காட்லீப் டைம்லர் தொடக்கத்தில் மின்சாரத்தை நம்பவே இல்லை. சிலிண்டரின் பக்கத்தில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, வெளியிலிருந்து விளக்குச் சுவாலையால் அதைச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டினாலேயே கலவை பற்றிக்கொள்ளும்படி செய்தார். பலத்த காற்று வீசிச் சுவாலை அணைந்தால் எஞ்சினும் நின்றுவிடும். அணையாமல் வண்டி கவிழ்ந்தால் தீப்பிடிக்கும். பென்ஸ் பாட்டரியையும் கம்பிச் சுருளையும் நம்பினார். அன்றைய பாட்டரி விரைவில் ஓய்ந்துபோயிற்று. ராபர்ட் பாஷின் தொழிற்சாலையில் காட்லோப் ஹோனோல்டு என்ற பொறியாளர் 1902-ஆம் ஆண்டில் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கிய பின்னரே இத்தொல்லை பெரிதும் தணிந்தது. பாட்டரி இல்லாமலே, எஞ்சினின் சுழற்சியிலிருந்தே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்வது மாக்னெட்டோவின் சிறப்பு. ஆனால் சுழன்றால்தான் மின்சாரம். மின்சாரம் வந்தால்தான் சுழற்சி. அந்த முதற் சுழற்சியை அளிக்க வேண்டியது மனிதனின் கை.

பெட்ரோல் கலவையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். தொட்டியில் கிடக்கும் எண்ணெயின் மேற்பரப்பில் காற்றைச் செலுத்தி ஆவியை எடுத்துச் செல்வது முதலில் வழக்கமாயிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் 1893-ஆம் ஆண்டில் நுண்ணிய துளை வழியே பெட்ரோலைச் சாரலாகத் தெளிக்கும் கார்புரேட்டரை அமைத்தார். துளை நுண்ணிதாகவே, ஒரு சிறு தூசியும் அதை அடைக்கப் போதுமானதாயிற்று. பயன் பெருகும்போது பழுதும் புதுவடிவம் பெறுகிறது.

இவ்வளவும் ஒருங்கே கூடி, சாதாரண மக்களின் கைக்கு வந்த வண்டி ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி'. 1908-ஆம் ஆண்டு முதல் 1927-ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் இவ்வண்டிகள் தயாராயின. அதை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் உழவர்கள். இயந்திரக் கல்வி பெற்றவர்கள் அல்லர். ஆயினும் அவ்வண்டியைக் கிளப்புவதே ஒரு கல்வியாக இருந்தது.

முதலில் கைப் பிரேக்கை நன்றாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இருபுறமும் இரு நெம்புகோல்கள் உண்டு. வலப்புறத்தது பெட்ரோல் கலவையின் அளவுக்கு. அதைச் சிறிது இறக்க வேண்டும். இடப்புறத்தது பொறி தோன்றும் வேளையை மாற்றுவதற்கு. அதை முழுதும் மேலே தள்ள வேண்டும். பின்னர் வண்டியின் முன்னே வந்து, ரேடியேட்டரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வளையத்தை ஒரு கையால் இழுத்தபடி, மறு கையால் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை மெல்லத் திருப்ப வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுதியாக உள்ளே போகும். அதன் பின்பே மின்விசையைத் திருப்பிவிட்டு, கைப்பிடியைக் கீழிருந்து மேலே ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. இடக்கையால் இழுக்க வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடியின் மறுபுறம் வளைக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டைவிரல் விதிக்குக் காரணம் உண்டு. இடப்புற நெம்புகோலை மேலே தள்ள மறந்தவன் கைப்பிடியை இழுக்கும்போது, பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே பொறி தோன்றிவிடும். வெடிப்பு பிஸ்டனைத் திருப்பி அடிக்கும். எஞ்சின் எதிர்ப்புறமாகச் சுழலும். கைப்பிடி மனிதனின் கையை முறுக்கி வீசும். மணிக்கட்டுக்கு அருகே, கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறியும் ஒருவகை முறிவிற்கு மருத்துவ நூல்களில் 'ஷோபர் முறிவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஷோபர் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு முதலில் கொதிகலனுக்குத் தீ மூட்டுபவர் என்றே பொருள். அவர் பெயர் ஓட்டுநருக்கு வந்தது, ஓட்டுநரின் பெயர் ஒடிந்த எலும்புக்கு வந்தது.

மாடல் டி கிளம்ப மறுத்தால் உழவர் என்ன செய்தார்? முதலில் காது கொடுத்துக் கேட்டார். அவ்வண்டியில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு கம்பிச் சுருள்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பொறி உண்டாகும் வேளையில் அவை வண்டினம் போல இரையும். நான்கும் முறையே இரைந்தால் மின்சாரம் வருகிறது. ஒன்று மட்டும் மௌனமானால் அச்சுருளை அடுத்த இடத்திற்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மௌனம் சுருளோடு சேர்ந்து இடம் மாறினால் குறை சுருளில். பழைய இடத்திலேயே நின்றால் குறை கம்பியிலோ, பொறியை முறைப்படி பகிர்ந்தளிக்கும் கருவியிலோ உள்ளது. சோதனைச்சாலையில் விஞ்ஞானி கையாளும் முறைக்கும் இதற்கும் வேற்றுமை ஏதும் இல்லை. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்பதே இரண்டிலும் உள்ள விதி.

அடுத்து பெட்ரோல். மாடல் டியில் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருந்தது. பெட்ரோலை இழுக்கப் பம்பு கிடையாது. தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வது போல அது தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கி வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில், தொட்டியில் எண்ணெய் குறைந்திருந்தால், எஞ்சின் தொட்டியை விட உயர்ந்துவிடும், பெட்ரோல் வராது. அனுபவசாலிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மலையேறினார்கள்! தொட்டி மூடியிலுள்ள சிறு துளை சேற்றால் அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது. உள்ளே காற்றுப் புகாமல் எண்ணெய் வெளியே வராது என்ற பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தவர்கள் சாலையில் நின்று மறுபடி படித்தார்கள்.

குளிர்காலத்தில் வேறொரு சங்கடம். எண்ணெய் கெட்டியாகி கிளட்ச் தட்டுகளை ஒட்ட வைத்துவிடும். கைப்பிடியைச் சுழற்றியவுடன் எஞ்சின் கிளம்பும். அதனுடன் வண்டியும் முன்னே நின்றவர்மீது ஊர்ந்து வரும். ஆதலால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி நிறுத்திவிட்டுக் கிளப்புவது குளிர்நாடுகளில் வழக்கமாயிற்று. இவ்வளவு முரண்டு பிடித்த அதே வண்டி சில வேளைகளில், கைப்பிடியைத் தொடாமலே, மின்விசையைத் திருப்பியவுடன் கிளம்பிவிடும். முன்பு நின்றபோது ஒரு சிலிண்டரில் அழுத்தப்பட்ட கலவை தங்கியிருந்து, பொறி பட்டதும் வெடித்ததே காரணம். அன்று வண்டிக்காரர் நாள் முழுவதும் மகிழ்ச்சியோடிருப்பார்.

கைப்பிடி என்னும் இந்த இடையூறு சிறிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1900-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பையொட்டி எடுத்த விவரப்படி, அங்கே தயாரான 4,192 மோட்டார் வண்டிகளில் நீராவியால் ஓடுபவை 1,681. மின்சாரத்தால் ஓடுபவை 1,575. பெட்ரோல் வண்டிகளோ 936 மட்டுமே. மின்சார வண்டிக்கு ஓசையில்லை, புகையில்லை, கை முறியும் அச்சமும் இல்லை. பெண்களுக்கு ஏற்ற வண்டி என்று அதையே விளம்பரம் செய்தார்கள். பெட்ரோல் வண்டிகளின் பெருவேந்தராகிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையாரே ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் மின்சார வண்டி!

இந்நிலையை மாற்றியவர் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்டின் நண்பர் ஒருவர் கைப்பிடி அடித்ததால் இறந்தாரென்றும், அத்துயரத்தினாலேயே லீலண்ட் புதுவழி தேடினாரென்றும் ஒரு கதை வழங்குகிறது. அதில் கூறப்படும் ஆண்டும் நிகழ்ச்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் அதை நாம் நம்பிக் கட்ட வேண்டியதில்லை. கை முறிந்தவர்கள் ஏராளம் என்பதே போதுமான காரணம்.

எஞ்சினைச் சுழற்றத்தக்க மின்மோட்டாரும் அதற்கேற்ற பாட்டரியும் வண்டியில் அடங்காத அளவு பெரியனவாக இருக்க வேண்டும் என்றே அன்று பலர் கருதினர். கெட்டரிங் முன்னர் பணம் எண்ணி வைக்கும் கடைப் பெட்டிகளைச் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கையால் சுழற்றித் திறந்த அப்பெட்டியை அவர் ஒரு சிறு மின்மோட்டாரால் இயங்கச் செய்திருந்தார். நாள் முழுவதும் ஓட வேண்டிய மோட்டாருக்குத்தான் பருமன் தேவை. சில நொடிகள் மட்டும் உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும் மோட்டார், தன் அளவுக்கு மீறிய சுமையையும் தாங்கிக்கொள்ளும். கடைப் பெட்டியில் கற்ற இவ்வுண்மையை அவர் எஞ்சினுக்குப் பொருத்தினார். அந்த மோட்டாரே, எஞ்சின் கிளம்பியபின், மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரியை நிரப்பும் பொறியாகவும் வேலை செய்தது. 1911-ஆம் ஆண்டில் காடிலாக் வண்டியில் இதைச் செய்து காட்டினார். 1912-ஆம் ஆண்டுக்கான காடிலாக் வண்டிகள் இவ்வசதியோடு வெளிவந்தன. மாடல் டிக்கு இது வந்து சேர 1919-ஆம் ஆண்டாயிற்று. மின்சார வண்டிகளின் விற்பனை பின்னர் சரிந்தது. ஃபோர்டு வண்டியின் மலிந்த விலை அதற்கொரு பெருங்காரணம். கைப்பிடியின் அச்சம் நீங்கியது மற்றொன்று.

பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும் காலம் வந்தது. அதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கைப்பிடி அடிக்கும் கருவி மட்டுமன்று. அறியும் கருவியுமாக இருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினால் நான்கு இடங்களில் அழுத்தம் கையை எதிர்க்க வேண்டும். மூன்று இடங்களில் எதிர்த்து நான்காம் இடத்தில் கை வழுக்கிப் போனால், அந்தச் சிலிண்டரின் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று கையே சொல்லிவிடும். நாடி பார்க்கும் வைத்தியரின் விரல் போல. மோட்டார் சுழற்றத் தொடங்கியபின் ஓட்டுநரின் கைக்கு அச்செய்தி எட்டாமற் போயிற்று. கேட்பது ஓசை மட்டுமே.

நம் நாட்டில் இப்பழைய அறிவு சற்றுக் கூடுதலான காலம் வாழ்ந்தது. லாரியின் முன்னே கிளீனர் நின்று 'ஹேண்டில் போட', உள்ளிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்த காட்சியை முதியோர் பலர் கண்டிருப்பார்கள். கோடை வெயிலில் ஏற்றமேறிய கார் நின்றுபோனால், ஓட்டுநர் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மரநிழலில் அமர்வார். குழாயினுள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பினால் இழுக்க முடியாமற் போகும்போது, குளிர்ச்சியே அதற்கு மருந்து. பெர்த்தாவின் நாடாவுக்கு ஈரத்துணி உறவுமுறைதான்.

இன்று ஒருவர் பல ஆண்டு கொட்டகையில் கிடந்த பழைய கார் ஒன்றை வெளியே இழுத்து, கிளப்ப முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் கிடந்த பெட்ரோல் நாட்பட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்திருக்கும். மின்சாரத்தை விட்டுவிட்டுத் தடுக்கும் இரு உலோக முனைகள், அதாவது கெட்டரிங்கே பெரும்பங்கு கொண்டு வகுத்த பாட்டரி முறையின் உயிர்நிலை, களிம்பேறிக் கிடக்கும். அனுபவமற்றவர் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிப்போட்டுவிட்டு, எது குறை என்று தெரியாமலே திகைப்பார். அனுபவசாலியோ, கழற்றிய பிளக்கைக் கம்பியோடு இணைத்து, பெட்ரோல் வாடையில்லாத தூரத்தில் எஞ்சினின் உலோகப் பகுதியைத் தொடும்படி வைத்து, எஞ்சினைச் சுழற்றச் செய்து பார்ப்பார். நீலப்பொறி தெறித்தால் மின்சாரத்தின் பக்கம் பெரும்பாலும் குறையில்லை, பெட்ரோலைத் தேடலாம். பொறியே இல்லையெனில் கார்புரேட்டரைத் தொட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பிளக் நனைந்து பெட்ரோல் மணத்தால் எண்ணெய் வருகிறது, ஒருவேளை மிகுதியாகவே வருகிறது, உலர்ந்திருந்தால் வரவில்லை. மைதானத்தில் நாம் கண்டவர் பிளக்கை முகர்ந்ததன் பொருள் இதுவே. பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, அழுத்தமும் உண்டு, ஆயினும் கிளம்பவில்லை என்றால் எஞ்சியிருப்பது வேளை. பொறி தோன்றும் வேளை தவறியிருக்கிறது.

பிரான்சு நாட்டின் சித்ரோன் நிறுவனம் 1948-ஆம் ஆண்டு முதல் 1990-ஆம் ஆண்டு வரை செய்து வந்த 'இரண்டு குதிரை' என்னும் சிறு கார், மின் ஸ்டார்ட்டர் இருந்தும் கைப்பிடியையும் கைவிடவில்லை. பாட்டரி ஓய்ந்த குளிர்காலக் காலையில் அது உதவியது. சக்கரத்தின் மரைகளைக் கழற்றவும் அக்கைப்பிடியே பயன்பட்டது. பழைய கார்களைப் போற்றி வைத்திருப்போர் இருக்கையின் அடியிலிருந்து அத்தகைய கைப்பிடியை இன்றும் எடுத்து வருவதுண்டு. அப்போது அவர்களின் கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கும்.